டேர்போ பூட்டுமுன் பெற்றோல் பாதையைப் பாருங்கள்: மலையக வீதிகளில் ஓடும் வாகனங்களுக்கு ஒரு வழிகாட்டி

அவிசாவளையில் இருந்து ஹட்டனுக்குச் செல்லும் ஏ7 வீதி, சுமார் 70 கிலோமீற்றர் தூரத்துக்குள் ஆயிரம் மீற்றருக்கும் மேலாக உயர்கிறது. கித்துல்கல, கினிகத்தேனை, வட்டவளை, றொசல்ல என ஒவ்வொரு ஊராகக் கடக்கும்போது வாகனத்தின் இழுவை குறைந்துகொண்டே போவதை அந்த வீதியில் ஓடும் சாரதிகள் எல்லோரும் அறிவார்கள். ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிய வான் ஒன்று வளைவில் மூச்சுத் திணறும்போது, "இதற்கு ஒரு டேர்போ போட்டால் என்ன?" என்ற எண்ணம் வருவது இயல்பானதே.

அந்த எண்ணத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளிலும் இருந்த வாகனத்தையே திருத்தித் திருத்தி ஓட வேண்டியிருந்தது. கதவு திறந்த பின்னரும் புதிய வாகனத்தின் விலை பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாத உயரத்திலேயே இருக்கிறது. வெளிநாட்டில் உள்ள உறவினர் ஒருவர் டேர்போ 'கிட்' ஒன்றை வாங்கி அனுப்புவது அதைவிட எளிதாகத் தெரிகிறது.

ஆனால், டேர்போ பூட்டிய பின் எரிந்துபோகும் எஞ்சின்கள் பலவற்றில் குற்றவாளி டேர்போ அல்ல. அது தள்ளும் காற்றுக்கு ஈடாகப் பெற்றோல் வந்து சேராததே காரணம். வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் ஒரு வானே முழுக் குடும்பத்தின் முதலாக இருக்கும் வீடுகள் ஏராளம். எஞ்சின் போனாலும் லீசிங் தவணை நிற்காது. ஆகவே எரிபொருள் தொகுதி எப்படி வேலை செய்கிறது, அதில் எதை, எந்த ஒழுங்கில் மாற்ற வேண்டும் என்பதை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

காற்றும் பெற்றோலும்

பெற்றோல் எஞ்சின் ஒன்றில் 1 கிலோ பெற்றோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். சாதாரண ஓட்டத்தில் எஞ்சினின் கணினி இந்த விகிதத்தை ஒட்டியே பெற்றோலைத் தெளிக்கிறது. முழு வேகத்தில் பெற்றோல் சற்றுக் கூடுதலாக விடப்படும். டேர்போ எஞ்சினில் முழு அழுத்தத்தின்போது இந்த விகிதம் 11.5 முதல் 12 வரை இறக்கப்படுவது வழக்கம். மேலதிகப் பெற்றோல் ஆவியாகும்போது சிலிண்டரின் வெப்பத்தைக் குறைப்பதே அதன் நோக்கம்.

டேர்போ என்பது புகைபோக்கிக் காற்றின் வேகத்தால் சுழன்று, வெளிக்காற்றை எஞ்சினுக்குள் நெருக்கித் தள்ளும் விசிறி. 0.5 பார் பூஸ்ட் என்றால், கடல் மட்டத்தில் எஞ்சினுக்குள் போகும் காற்று ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. பெற்றோலும் குறைந்தது அதே அளவு கூட வேண்டும். கூடாவிட்டால் கலவை வறண்டு, வெப்பம் ஏறி, தீப்பொறியின் பின் இன்னும் எரியாமல் மீதியிருக்கும் கலவை தானாக வெடிக்கும். கராஜ்களில் 'நொக்கிங்' என்பது இதைத்தான். சாதாரண எஞ்சினில் அது கிணிகிணி என்ற சத்தத்தோடு நின்றுவிடலாம். டேர்போ எஞ்சினில் சில விநாடிகளிலேயே பிஸ்டனின் தலை உருகவோ, ரிங் உடையவோ, ஹெட் கஸ்கட் பிய்ந்து போகவோ கூடும்.

மலையில் சரி, சமவெளியில் பிழை

உயரம் கூடக் கூடக் காற்று மெலிகிறது. ஹட்டன் இருக்கும் 1,250 மீற்றர் அளவான உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தை விட ஏறத்தாழ 14 வீதம் குறைவு. 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் அது 20 வீதம் குறைவு. டேர்போ இல்லாத எஞ்சின் தனது சக்தியில் ஏறத்தாழ அதே அளவை இழக்கிறது. காபரேற்றர் உள்ள பழைய கார்கள் மலையில் கரும்புகை கக்குவதும் இதனால்தான். காற்று குறைகிறது, ஆனால் ஜெற் வழியே வரும் பெற்றோல் அந்த அளவுக்குக் குறைவதில்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஹட்டன் பக்கத்தில் பூட்டிச் சரிசெய்த டேர்போ ஒன்று 0.5 பார் பூஸ்ட் தருகிறது என்று வைப்போம். அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் 0.87 பார். இரண்டும் சேர்ந்து 1.37 பார். அதே வாகனம் கொழும்புக்கோ கிளிநொச்சிக்கோ இறங்கும்போது வெளிக்காற்று 1.01 பார் ஆகிறது. அதே பூஸ்டில் மொத்தம் 1.51 பார். எஞ்சினுக்குள் போகும் காற்று 10 வீதம் கூடிவிட்டது. மலையில் பெற்றோல் பம்பும் இன்ஜெக்டரும் தம் எல்லையில் வேலை செய்திருந்தால், சமவெளியில் அவற்றால் ஈடு கொடுக்க முடியாது. ஏற்றத்தில் மாதக்கணக்காக நன்றாக ஓடிய வாகனம் ஏ9 வீதியின் நேர்ப்பாதையில் எஞ்சினை இழப்பதற்கு இது போதும். மலையில் சரிசெய்யும் எந்த வாகனத்துக்கும் சமவெளிக் கணக்கிலேயே பம்ப் தெரிவு செய்ய வேண்டும்.

மண்ணெண்ணெய்க் காலம் காட்டும் வேறுபாடு

1990 ஜூனில் இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கிய பின், பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வரவில்லை. ஒஸ்ரின், மொறிஸ் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு போத்தலில் வைத்திருந்த சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அந்தப் புகையின் மணம் இன்னும் பலருக்கு மறந்திருக்காது. பெயர் தெரியாத மெக்கானிக்குகள் பலர் ஒரு சமூகத்தின் போக்குவரத்தையே தாங்கிப் பிடித்த காலம் அது.

அது சாத்தியமானதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல் எளிதில் ஆவியாகாது. ஆகவே எஞ்சின் சூடாக இருக்க வேண்டும். அதன் ஒக்டேன் அளவு மிகக் குறைவு. ஆகவே அழுத்தம் கூடினால் தானாக வெடிக்கும். அந்தக் காலக் கார்கள் கலவையை ஏழு எட்டு மடங்குதான் அழுத்தின. அதனால் அவை அதைப் பெருமளவு தாங்கின. அப்படியும் எரியாத மண்ணெண்ணெய் ரிங் வழியே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கியது. ஒயிலை அடிக்கடி மாற்றாத எஞ்சின்கள் தேய்ந்தன. அதே முறையில் ஓடவென்றே பிரித்தானியாவில் பேர்குசன் உழவு இயந்திரங்களின் ஒரு வகை தயாரிக்கப்பட்டது. அதுவும் பெற்றோலில் தொடங்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாறியது.

இன்றைய எஞ்சின்கள் பத்து மடங்கு அளவில் அழுத்துகின்றன. டேர்போ அதற்கு மேலும் ஏற்றுகிறது. மண்ணெண்ணெய் கலந்த பெற்றோல் அன்று புகையோடு போனது; இன்று பிஸ்டனோடு போகும். இலங்கையில் விற்பனையாகும் 92, 95 ஒக்டேன் பெற்றோல்களில் டேர்போ பூட்டிய எஞ்சினுக்கு 95 தான் பாதுகாப்பானது. நம்பகமான நிரப்பு நிலையத்தில் மட்டும் அடிப்பதும், மாதக்கணக்காகக் கானில் கிடந்த பெற்றோலைத் தவிர்ப்பதும் அவசியம். பழைய பெற்றோல் பிசினாகி இன்ஜெக்டரின் நுண்ணிய துளைகளை அடைக்கும்.

தாங்கியில் இருந்து சிலிண்டர் வரை

எரிபொருள் பாதையின் உறுப்புகளை வரிசையாகப் பார்ப்போம்.

தாங்கி: கினிகத்தேனை வளைவுகளில் தாங்கியில் பெற்றோல் குறைவாக இருந்தால், அது ஒரு பக்கமாக ஒதுங்கிப் பம்ப் காற்றை உறிஞ்சும். சாதாரண வாகனத்தில் ஒரு விக்கல் மட்டுமே வரும். பூஸ்டில் இருக்கும் எஞ்சினில் அந்த ஒரு விநாடியே ஆபத்தானது. தாங்கியில் கால் பங்குக்குக் கீழே இறங்கவிடாமல் வைத்திருப்பது செலவில்லாத முதல் பாதுகாப்பு. பந்தயக் கார்களில் இதற்கெனச் சிறிய இடைத்தாங்கி ஒன்றை வைப்பார்கள்.

பம்ப்: இன்ஜெக்டர் உள்ள கார்களில் பம்ப் தாங்கிக்குள்ளேயே இருக்கும். பெட்டியில் 'மணிக்கு இத்தனை லீற்றர்' என்று எழுதியிருப்பதை அப்படியே நம்ப முடியாது. அழுத்தம் கூடக் கூடப் பம்ப் தரும் அளவு குறையும். மின்னழுத்தம் குறைந்தாலும் குறையும். ஆகவே நமக்கு வேண்டிய அழுத்தத்தில் அது எவ்வளவு தரும் என்பதையே பார்க்க வேண்டும். பெரிய பம்புக்குப் பழைய மெல்லிய வயர் போதாது. பற்றரியில் இருந்து தடித்த வயரும், தனி ரிலேயும், பியூசும் போட வேண்டும். போலிப் பம்புகள் சந்தையில் இருப்பதால், பூட்டுமுன் ஒரு நிமிடம் ஓடவிட்டு அளவுப் பாத்திரத்தில் பிடித்துப் பார்ப்பது நல்லது. அதைத் திறந்த வெளியில், அருகில் தீப்பொறி எதுவும் இல்லாமல் செய்ய வேண்டும்.

குழாயும் பில்டரும்: அடைபட்ட பில்டர் புதிய பம்பையும் பயனற்றதாக்கும். அதை முதலில் மாற்றுங்கள். குழாய்களைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

அழுத்தச் சீராக்கி: பெரும்பாலான இன்ஜெக்டர் எஞ்சின்களில் பெற்றோல் 3 பார் அளவான அழுத்தத்தில் இருக்கும். 0.7 பார் பூஸ்ட் ஏறும்போது அந்தக் காற்று இன்ஜெக்டரின் வாயை எதிர்த்துத் தள்ளும். அப்போது உண்மையில் பெற்றோலைத் தள்ளும் அழுத்தம் 2.3 பார் மட்டுமே. வெளிவரும் பெற்றோல் 12 வீதம் அளவில் குறைந்துவிடும். அதிகம் தேவைப்படும் நேரத்தில் குறைவாக வருகிறது. இதைத் தவிர்க்க, பூஸ்டுக்கு ஈடாகப் பெற்றோல் அழுத்தத்தையும் ஒன்றுக்கு ஒன்று என உயர்த்தும் சீராக்கியைப் பூட்டுவார்கள். அப்போது பம்ப் 3.7 பாரில் முழு அளவைத் தர வல்லதாக இருக்க வேண்டும்.

இன்ஜெக்டர்: இது விநாடிக்குப் பல தடவை திறந்து மூடும் வால்வு. திறந்திருக்கும் நேரம் மொத்த நேரத்தில் 80 வீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது. அதைத் தாண்டும் நிலை வந்தால் பெரிய இன்ஜெக்டர் வேண்டும்.

கணினி: பெரிய இன்ஜெக்டரைப் பூட்டிவிட்டுக் கணினிக்குச் சொல்லாமல் விட்டால், எஞ்சின் எப்போதும் பெற்றோலில் நனைந்திருக்கும். பெற்றோல் அளவையும் தீப்பொறி நேரத்தையும் புதிதாக எழுத வேண்டும். பரந்த வீச்சு ஒட்சிசன் சென்சர் ஒன்றைப் புகைபோக்கியில் பூட்டி விகிதத்தை நேரில் பார்க்காமல் செய்யும் 'டியூனிங்' வெறும் ஊகம்.

ஒரு கணக்கு

நான்கு சிலிண்டர்களில் 100 குதிரை வலு தரும் கார் ஒன்றை டேர்போ மூலம் 150 ஆக்க நினைக்கிறோம். டேர்போ பெற்றோல் எஞ்சின் முழு வலுவில் ஒரு குதிரை வலுவுக்கு மணிக்கு ஏறத்தாழ 270 கிராம் பெற்றோல் குடிக்கும். 150 குதிரை வலுவுக்கு மணிக்கு 40.5 கிலோ, அதாவது சுமார் 55 லீற்றர். பாதுகாப்புக்காகக் கால் பங்கு கூட்டினால், 3.7 பாரில் மணிக்கு 70 லீற்றர் தரும் பம்ப் வேண்டும்.

40.5 கிலோவை நான்கு இன்ஜெக்டர்களுக்குப் பகிர்ந்தால் ஒன்றுக்கு 10.1 கிலோ. 80 வீத எல்லையைச் சேர்த்தால் 12.7 கிலோ. நிமிடத்துக்கு ஏறத்தாழ 285 சீசீ. பழைய 100 குதிரை வலுவுக்கு, டேர்போ இல்லாத எஞ்சினுக்குரிய 230 கிராம் கணக்கில், 160 சீசீ அளவான இன்ஜெக்டரே போதுமாயிருந்தது. வலு ஒன்றரை மடங்குதான் ஏறுகிறது. இன்ஜெக்டரோ ஒன்றே முக்கால் மடங்குக்கு மேல் பெரிதாக வேண்டும். 'கிட்' பெட்டிக்குள் டேர்போவும் குழாய்களும் மட்டும் இருந்தால், மீதிச் செலவு இன்னும் வெளியே காத்திருக்கிறது என்று அர்த்தம்.

நைட்ரஸ்

மருத்துவமனைகளில் மயக்க மருந்தாகப் பயன்படும் நைட்ரஸ் ஒக்சைட்டையே பந்தயக் கார்களிலும் பயன்படுத்துகிறார்கள். அது தானாக எரியாது. ஆனால் 300 பாகை செல்சியஸ் அளவில் பிரிந்து ஒட்சிசனை விடுவிக்கும். நிறையில் காற்றில் 23 வீதம் ஒட்சிசன் இருக்க, நைட்ரசில் 36 வீதம். ஆகவே அதற்கும் ஈடாகப் பெற்றோல் வேண்டும், ஏறக்குறைய 9.6 கிலோ நைட்ரசுக்கு 1 கிலோ. பெற்றோலையும் தன்னோடு சேர்த்துத் தெளிக்கும் 'ஈர' முறையில் இதற்குத் தனிப் பாதை உண்டு. 'உலர்' முறையில் மேலதிகப் பெற்றோலை எஞ்சினின் சொந்த இன்ஜெக்டர்களே தர வேண்டும். எப்படியானாலும் பெற்றோல் நின்று நைட்ரஸ் மட்டும் போனால் எஞ்சின் தப்பாது. ஆகவே பெற்றோல் அழுத்தம் குறைந்தவுடன் நைட்ரசைத் துண்டிக்கும் சுவிட்ச் கட்டாயம்.

நமது நாட்டில் வெப்பநிலையையும் கவனிக்க வேண்டும். போத்தலுக்குள் நைட்ரசின் அழுத்தம் 15 பாகையில் சுமார் 45 பார். 30 பாகையில் 63 பார். 36.4 பாகைக்கு மேல் அது திரவமாகவே இருக்காது. நுவரெலியாக் குளிரில் சரிசெய்த அளவு சமவெளியில் கூடுதலாகப் பாயும். யாழ்ப்பாண வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் வைத்த போத்தல், அழுத்தம் ஏறிய குண்டுக்கு ஒப்பானது. வாகனங்களுக்கான நைட்ரசில் கந்தக வாயுவும் சேர்க்கப்படுவதுண்டு; அதை மூச்சில் இழுப்பது உயிராபத்து. பொதுவீதியில் ஓடும் வாகனத்தில் நைட்ரசுக்கு இடமில்லை. 1930களில் தொடங்கிய நுவரெலியா மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி போன்ற, மூடிய வீதியில் நடக்கும் பந்தயங்களுக்கு உரிய விடயங்கள் இவை.

டீசல் வான்கள்

மலையக வீதிகளில் ஆட்களை ஏற்றும் வான்களில் பல ஏற்கெனவே டேர்போ டீசல்கள். அவற்றில் சிறு மின்பெட்டி ஒன்றைச் செருகிப் பெற்றோலுக்குப் பதில் டீசலைக் கூட்டி வலு ஏற்றுவார்கள். டீசலில் ஆபத்து எதிர்ப்பக்கமாக வரும். காற்றுக்கு மிஞ்சிய டீசல் கரும்புகையாகி, புகைபோக்கி வெப்பத்தை ஏற்றி, டேர்போவையும் பிஸ்டனையும் சுடும். காற்று மெலிந்த மலையிலேயே இது மோசமாகும். கரும்புகை விடும் வாகனம் வருடாந்த அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனையிலும் சிக்கும்.

தீயை மறக்கவேண்டாம்

காபரேற்றர் காலத்தில் பெற்றோல் மிகக் குறைந்த அழுத்தத்தில் சொட்டியது. அப்போது எந்த றப்பர் குழாயும் தாங்கியது. 3.7 பார் அழுத்தம் என்பது 37 மீற்றர் உயரத்தில் இருக்கும் தண்ணீர்த் தாங்கியின் அடியில் இருக்கும் அழுத்தத்துக்குச் சமம். அதில் ஊசி முனையளவு கசிவு கூட மெல்லிய தூறலாகிச் சூடான டேர்போ மீது படும். ஆகவே:

இன்ஜெக்டர் தொகுதிக்கென்று குறிக்கப்பட்ட உயரழுத்தக் குழாயை மட்டும் போடுங்கள். தாங்கிக்குள் மூழ்கி இருக்கும் குழாய் வேறு வகை. சாதாரணக் குழாய் அங்கே ஊறிப் பிய்ந்துவிடும்.

திருகி இறுக்கும், விளிம்பு வெட்டாத கிளிப்களைப் பாவியுங்கள். கம்பி கட்டுவதும் ஒளி புகும் பிளாஸ்ரிக் குழாய் போடுவதும் வேண்டாம்.

எஞ்சின் நின்றவுடன் பம்பும் நிற்குமாறு ரிலேயை இணையுங்கள். சுவிட்சில் நேரடியாகக் கொடுத்தால், விபத்தில் கவிழ்ந்த வாகனத்திலும் பம்ப் பெற்றோலை ஊற்றிக்கொண்டே இருக்கும்.

தூள் அல்லது நுரை வகைத் தீயணைப்பான் ஒன்றைச் சாரதியின் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். பெற்றோல் தீக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது.

சட்டமும் பிரேக்கும்

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ், பதிவுப் புத்தகத்தில் உள்ள விபரங்களை மாற்றும் திருத்தங்களை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். எஞ்சினை மாற்றினால் அதன் இலக்கமும் மாறும். காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்தின் பின் இழப்பீட்டை மறுக்கக் காரணமாகலாம். வேலையைத் தொடங்குமுன் இரண்டு இடங்களிலும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏறும் வாகனம் இறங்கவும் வேண்டும். 2023 ஜனவரி 20 அன்று நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் நடந்த விபத்தில் ஏழு உயிர்கள் போயின. அந்தச் சரிவுகளில் உயிரைக் காப்பது குதிரை வலு அல்ல. பிரேக்கும் ரயரும் சாரதியின் நிதானமும்தான். டேர்போவுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை முதலில் அவற்றுக்குச் செலவிடுங்கள்.

வேலையின் ஒழுங்கு

முதலில் எஞ்சினின் நிலையைச் சோதியுங்கள். சிலிண்டர்களின் அழுத்தம் ஒன்றுக்கொன்று வேறுபட்டால் டேர்போ பற்றிய பேச்சை அங்கேயே நிறுத்தலாம். பின்னர் இப்போதைய பெற்றோல் அழுத்தத்தை, ஏற்றத்தில் ஓடும்போதே அளவுமானி வைத்துப் பாருங்கள். அடைபட்ட பில்டர், சோர்ந்த பம்ப், அழுக்கேறிய இன்ஜெக்டர் ஆகியவற்றைச் சரிசெய்தபின் வாகனம் இழந்த இழுவையில் ஒரு பகுதி திரும்பிவிடுவதும் உண்டு. பலருக்கு அதுவே போதுமானதாக இருக்கும்.

அதற்கு மேலும் வேண்டுமென்றால் பம்ப், குழாய், சீராக்கி, இன்ஜெக்டர், கணினி என்ற வரிசையில் எரிபொருள் பாதையை முதலில் முடியுங்கள். டேர்போவைக் கடைசியில் பூட்டி, குறைந்த பூஸ்டில் தொடங்கி, விகிதத்தைப் பார்த்தபடியே படிப்படியாக ஏற்றுங்கள். மலையிலும் சமவெளியிலும் ஒவ்வொரு தடவை சோதியுங்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, "முதலில் டேர்போவைப் போடுவோம், பெற்றோலைப் பிறகு பார்ப்போம்" என்று சொல்லும் கராஜ்காரரிடம் வாகனத்தின் சாவியைக் கொடுக்காமல் திரும்பி வருவதே நல்லது.